தை மாதத்தில் பாலைவனம் போகிறவர்கள்

டூர் கம்பெனியில் வேலை என்றாலே, "உங்களுக்கென்னங்க, ஓசியில ஊர் சுத்துறீங்க" என்று சொல்லாத ஆள் திருச்சியில் கிடையாது. சொந்தக்காரர் கல்யாணத்துக்கு வேன் பிடித்து, ஜன்னல் சீட்டுச் சண்டையைத் தீர்த்துவைத்து, ஒரு வாந்தி, இரண்டு கோபத்தோடு ஊர் போய்ச் சேர்ந்த அனுபவம் உங்களுக்கு உண்டென்றால் நீங்களும் என் இனம்தான், உட்கார்ந்து படியுங்கள்.

எங்கள் ஆபீஸ் தென்னூரில் ஒரு மருந்துக்கடை மாடியில். காசி, கயா எல்லாம் மற்றவர்கள் பார்த்துக்கொண்டார்கள். என் தலையில் வந்து விழுந்தது ராஜஸ்தான் பாலைவனத் தேசியப் பூங்கா. ரயில் மாறி மாறி ஜெய்சல்மேர் போய், அங்கிருந்து ஜீப். ஒட்டகச் சவாரி, மணல்மேடு ஏறுவது, கூடாரத்தில் தங்குவது. நோட்டீஸில் 'சாகசச் சுற்றுலா' என்று போட்டிருப்போம். எப்போதும் தை மாதத்தில்தான். மார்கழியில் வைத்தால் ஸ்ரீரங்கத்துக்காரர் ஒருவரும் வரமாட்டார். வைகுண்ட ஏகாதசியை விட்டுவிட்டு யார் ஒட்டகம் ஏறப்போவார்கள்? கூடச் சமையலுக்குப் பாலக்கரை ஆரோக்கியம் அண்ணன். அங்கே ஜீப் ஓட்ட பிரேம்சிங் என்ற உள்ளூர்க்காரர். பதினோரு தை இப்படிப் போனோம்.

மணல் எங்கே?

அந்தப் பூங்காவில் பெரும்பாலான இடத்தில் மணலே கிடையாது. கல்லாந்தரை, காய்ந்த புல், முள்செடி. எங்கள் நோட்டீஸிலோ அலை அலையாக மணல்தான். முதல் வருஷம் இரண்டு மணி நேரம் ஜீப் போயும் மணல் கண்ணில் படவில்லை. "என்னம்மா வசந்தி, ஏமாத்திட்டீங்களா?" என்று ஆளாளுக்குக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். அந்தக் கூட்டத்தில் லால்குடிப் பக்கத்து விவசாயி ஒருவர் இருந்தார், கோவிந்தராஜு என்று பேர். அவர் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது. பேசாதவர்கள்தான் ஊருக்கு வந்து பெரிதாகப் புகார் எழுதுவார்கள்.

கடைசியில் மணல்மேடு வந்தது. எல்லோரும் செல்போனைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கோவிந்தராஜு செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். ஒரு பிடி அள்ளுவார், விரலிடுக்கில் விடுவார். மறுபடி அள்ளுவார். பக்கத்தில் போய், "என்னங்கய்யா, பிடிக்கலையா?" என்றேன். கண் கலங்கியிருந்தது. "கொள்ளிடக் கரையில பொறந்தவன்மா நானு. இப்ப அங்க எறங்கினா மணல் லாரி போன பள்ளந்தான் இருக்கு. இந்த ஊர்க்காரனுக்கு ஒரு சொட்டுத் தண்ணி கெடையாது, ஆனா மண்ண பத்திரமா வெச்சிருக்கான். ஆத்தையே வெச்சிருந்த நாமதான் தொலைச்சுப்புட்டோம்."

மரத்தில் உட்காராத பறவை

ஸ்ரீரங்கம் உத்தர வீதியிலிருந்து ரங்கராஜன் மாமாவும் கோமளா மாமியும் வந்தார்கள். மாமா பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் வாத்தியாராக இருந்தவர். முப்பது வருஷம் பிள்ளைகளுக்குப் பறவைகளைப் பற்றிப் பாடம் நடத்தியவருக்குக் கண்ணில் நீர் அழுத்தம் வந்து, பார்வை நிழலும் வெளிச்சமுமாகக் குறைந்துவிட்டது. அவர் வந்தது கானமயிலுக்காக. ஆள் இடுப்பு உயரம் நிற்கும் பெரிய பறவை. நாட்டிலேயே கொஞ்சம்தான் மிச்சம், அதிலும் பாதிக்கு மேல் இந்தப் பக்கம்தான் என்பார்கள். "நான் பாக்க முடியாதும்மா. கோமளா பார்த்துச் சொன்னா நேக்குப் போதும்" என்றார்.

முதல் நாள் இல்லை. இரண்டாம் நாளும் இல்லை. மூன்றாம் நாள் காலை, பனி விலகாத நேரத்தில், பிரேம்சிங் ஜீப்பை நிறுத்திவிட்டுத் தூரத்தில் கை காட்டினார். காய்ந்த மரத்தில் கழுகு ஒன்று. மாமி அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பேசாதே என்று கண்ணாலேயே சொல்லிவிட்டு, "ஏன்னா, கானமயில் வந்துடுத்து!" என்றார்.

மாமா எழுந்து ஜீப்பின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "கழுத்து எப்படி இருக்கு?" "வெள்ளையா, நீளமா." "தலையில கறுப்பா தொப்பி வெச்சாப்போல இருக்கோ?" "ஆமாம், நன்னா இருக்கு." "நடக்கறதோ?" "இல்லை, மரத்துமேல ஒக்காந்திண்டிருக்கு." மாமா சிரித்த முகமாகவே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மெதுவாக உட்கார்ந்து மாமியின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். "கானமயிலுக்குப் பின்விரல் கிடையாதுடீ, அது மரத்துல ஒக்காரவே ஒக்காராது. கழுகுன்னா கழுகுன்னே சொல்லு, அதுவும் பெருமாள் படைச்ச பட்சிதானே."

யாரும் கூப்பிடாத இடம்

மன்னார்புரத்திலிருந்து ஒரு குடும்பம். அம்மா, இரண்டு அண்ணன்கள், அண்ணிகள், பிள்ளைகள், அப்புறம் சுகன்யா. லேப் டெக்னீஷியன், முப்பத்தொரு வயசு, கல்யாணம் ஆகவில்லை. ரயில் ஏறியதிலிருந்து நான் அதிகம் கேட்ட பேர் அதுதான். "சுகன்யா, தண்ணி பாட்டில்." "சுகன்யா, அம்மா மாத்திரை." "சுகன்யா, சின்னவனை பாத்ரூம் கூட்டிட்டுப் போ." யாராவது அவளிடம், "நீ சாப்பிட்டியா?" என்று கேட்பார்களா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஜெய்சல்மேர் வரை யாரும் கேட்கவில்லை.

பூங்காவில் ஒரு புல்வெளியில் டீக்கு நிறுத்தினோம். திரும்பிப் பார்த்தால் சுகன்யாவைக் காணோம். கண்ணுக்கெட்டிய தூரத்தில் ஒரு நீலத் துப்பட்டா மட்டும் போய்க்கொண்டே இருந்தது. அங்கே வழி தவறினால் எந்தப் பக்கமும் ஒரே மாதிரிதான் இருக்கும். முள்ளில் புடவை கிழியக் கிழிய ஓடினேன். அவள் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை, ஆனால் அழுது முடித்த முகம். மூச்சு வாங்கிக்கொண்டு, "ஏம்மா இப்படிப் பண்ணினே?" என்றேன். எழுந்து என் புடவையில் ஒட்டியிருந்த முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே சொன்னாள்: "எவ்வளவு தூரம் வந்தா அவங்க கூப்பிடுறது காதுல விழாதுன்னு பாத்தேன்க்கா. இவ்வளவு தூரம் வரணும்."

சோற்றில் மண்

துறையூர்ப் பக்கத்திலிருந்து செல்லையா, பொன்னம்மாள் என்று ஒரு தம்பதி. ஒட்டகம் ஏறவில்லை, போட்டோ எடுக்கவில்லை. இவர்கள் எதற்கு இவ்வளவு தூரம் வந்தார்கள் என்று எனக்குப் புரியவில்லை. இரண்டாம் நாள் பொன்னம்மாள் என்னிடம், "ஏங்க, பார்டர் எந்தப் பக்கம் இருக்குது?" என்று கேட்டார். நான் பிரேம்சிங்கைக் கேட்க, அவர் மேற்கே காட்டினார். அந்த அம்மாள் அந்தத் திசையைப் பார்த்து நின்றவர் நின்றவர்தான். செல்லையாதான் சொன்னார். ஒரே மகன். ராணுவத்தில் இருந்தான். இந்தப் பக்கத்தில்தான் எங்கேயோ டியூட்டி. வண்டி கவிழ்ந்து போய்விட்டான். பெட்டி வந்தது, மூடியைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். "அவன் இருந்த ஊரையாச்சும் பாக்கணும்னு இவ சொன்னா. எங்கன்னு யாரும் சரியா சொல்லல. உங்க நோட்டீஸுதான் கெடைச்சுது" என்றார்.

அன்று மத்தியானம் காற்று அடித்தது. ஆரோக்கியம் அண்ணன் தார்ப்பாய் கட்டி மறைத்தும், வடித்த சோற்றில் மண் விழுந்துவிட்டது. பதினோரு வருஷத்தில் அவர் சமையலை யாரும் குறை சொன்னதில்லை. அவருக்கு அவமானமாகப் போய்விட்டது. வேறு சோறு வடிக்கிறேன், கொஞ்சம் பொறுங்கள் என்று ஒவ்வொருவர் தட்டாக வாங்கிக்கொண்டு வந்தார். பொன்னம்மாள் மட்டும் தட்டை விடவில்லை. பிசைந்து பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நறநறவென்ற சத்தம் எனக்கே கேட்டது. "அம்மா, மண்ணும்மா அது, குடுங்க" என்று அண்ணன் கெஞ்சினார். அவர் தட்டை மடியோடு இழுத்து வைத்துக்கொண்டார். "இருக்கட்டும்யா. 'சோத்துலயெல்லாம் மண்ணும்மா'ன்னு போன்ல சொல்லுவான். நாந்தான் வெளையாட்டுக்குச் சொல்றான்னு இருந்துட்டேன்."

உச்சி

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். போன தையில் வந்த தில்லை நகர் பாலகிருஷ்ணன் சார், ரிட்டயர் ஆன ஹெட்கிளார்க். மனைவி சரோஜா அம்மாவுக்கு முழங்கால் வலி. ஃபாரத்தில் உடம்புக்கு ஏதாவது உண்டா என்ற இடத்தில் சார் 'இல்லை' என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார். மணல்மேடு ஏறுகிற அன்று காலை டீ வாங்கக் குனிந்தபோது அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரைப் பட்டை விழுந்தது. நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கிற மாத்திரை. என் அப்பாவுக்கும் அதுதான் கொடுத்தார்கள், எனக்குத் தெரியாதா? எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். "கேட்டுடாதீங்க" என்கிற பார்வை. நான் கேட்கவில்லை.

சரோஜா அம்மா ஜீப்பில் இருந்தார். சார் மணல்மேட்டில் ஏறினார். நாலடிக்கு ஒருதரம் நின்று நின்று, கூட வந்த என்னையும் நிறுத்தி நிறுத்தி ஏறினார். உச்சியில் காற்று. கையை விரித்துக்கொண்டு நின்றார். என்னிடம் செல்போனைக் கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னார். எடுத்தேன். மறுபுறம் இரண்டடி இறங்கினவர், உட்காருகிற மாதிரி உட்கார்ந்தார், சாய்ந்துவிட்டார். மாத்திரையை நானே நாக்கடியில் வைத்தேன். பிரேம்சிங்கும் நானும் தூக்கிக்கொண்டு இறங்கினோம். போனில் சிக்னல் இல்லை. ஜீப் எவ்வளவு வேகமாகப் போனாலும் அந்த ரோடு முடியவில்லை. சார் தலை சரோஜா அம்மா மடியில் இருந்தது. வழியிலேயே முடிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. அந்த அம்மாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

ஆஸ்பத்திரி பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து மாத்திரைப் பட்டை விஷயத்தைச் சொல்லிவிட்டேன். என்னை அறைவார் என்று நினைத்தேன். அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ஃபாரத்துல 'இல்லை'ன்னு எழுதச் சொன்னதே நான்தாம்மா" என்றார். "எழுதினா நீங்க கூட்டிட்டு வரமாட்டீங்க." அப்புறம், கீழே ஜீப்பிலிருந்து தனக்கு எதுவும் தெரியவில்லை என்றார். உச்சிக்குப் போய்விட்டாரா என்று கேட்டார். போய்விட்டார் என்றேன். "அப்ப சரி. நாப்பது வருஷமா எங்களுக்காக எல்லாத்தையும் பாதியிலயே விட்டவரும்மா அவரு."

பதினாறாம் நாள்

சாருடைய மகன் பெங்களூரிலிருந்து நேரே வந்து அப்பாவை விமானத்தில் கொண்டுபோனார். போகும்போது என்னைப் பார்த்து, "உங்களைச் சும்மா விடமாட்டேன்" என்றார். மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு நாங்கள் ரயிலில் திரும்பினோம். மூன்று நாளில் யாரும் சீட்டுக் கட்டைக்கூட எடுக்கவில்லை. வேலையை விட்டுவிடப் போகிறேன் என்று ஆரோக்கியம் அண்ணனிடம் சொன்னேன். "விடுங்க, வேணாங்கல. ஆனா அந்த வீட்டுக்கு ஒருவாட்டி போயிட்டு வந்துட்டு விடுங்க, வசந்திம்மா. துக்கம் கேக்காம வேலைய விட்டா அதுக்குப் பேரு ஓடிப்போறது" என்றார்.

பதினாறாம் நாள் காரியத்துக்குத் தில்லை நகர் போனேன். தெருமுனையில் இரண்டு தடவை திரும்பிவிட்டு, மூன்றாம் தடவை உள்ளே போனேன். கூடத்தில் மாலை போட்டு வைத்திருந்த படம், உச்சியில் நான் எடுத்தது. கை விரித்து, வாய் திறந்து சிரிக்கிறார். பின்னால் வெறும் வானம். சரோஜா அம்மா என் கையைப் பிடித்து உட்காரவைத்தார். மகன் வந்து எதிரில் நின்றார். என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்வது என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவர் ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டினார். "உங்க மேல கோபம் போகலைங்க, போகாது. ஆனா அப்பா சிரிக்கிற மாதிரி எங்க வீட்ல இருக்கிறது இந்த ஒரு படந்தான்."

வேலையை விடவில்லை, வீட்டு நிலைமை அப்படி. இந்தத் தையில் என்னைக் காசிக்கு மாற்றியிருக்கிறார்கள். ஆள் சேர்க்கவும் ரயில் ஏற்றவும் பதினோரு வருஷத்தில் நன்றாகவே கற்றுக்கொண்டேன், போனவர்களைப் போனபடியே திருப்பிக் கொண்டுவந்து வீட்டில் விடுகிற ஆள்தான் எங்கள் தொழிலில் இன்னும் பிறக்கவில்லை.