பிரேசில்காரி கூப்பிட்ட அத்தை

எங்கள் வீட்டுக்குள் பிரேசில் வந்தது மாட்டின் வழியாகத்தான்.

என் மாமியாருக்கு ஜல்லிக்கட்டு என்றால் சோறு தண்ணி வேண்டாம். அன்னவாசலைச் சுற்றி எந்த ஊரில் வாடிவாசல் திறந்தாலும் முன்பெல்லாம் முதல் ஆளாகக் கிளம்பிவிடுவார். மூட்டுவலி வந்து நடை குறைந்த பிறகு, மதியச் சாப்பாடு முடிந்ததும் என் போனை அரிசி டின் மேல் சாய்த்து வைத்து வீடியோ போட்டுக் கொடுப்பேன். "மாடு போடு" என்பார். எந்த ஊர்க் காளை, போன வருடம் எத்தனை பேரைத் தூக்கிப் போட்டது என்று அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருப்பார். நான் பாத்திரம் கழுவப் போய்விடுவேன்.

ஒரு நாள் நம்மூர் மாடு முடிந்ததும் போன் தன் இஷ்டத்துக்கு வேறு எதையோ ஓட்டிவிட்டது.

"ஏத்தா, இங்கிட்டு வா! இவன் மாட்டு முதுகுலயே ஏறி ஒக்காந்துட்டான்!"

கை ஈரத்தோடு ஓடிவந்து பார்த்தேன். தொப்பி போட்ட ஒருவன், துள்ளுகிற மாட்டின் மேல் ஒற்றைக் கையால் பிடித்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தான். பிரேசில் என்று எழுதியிருந்தது.

"திமிலப் புடிச்சுத் தொங்குறதுதான்டா வீரம். பஸ்ஸுல சீட்டுப் புடிச்சாப்புல ஒக்காந்திருக்கான் பாரு" என்று மாமியார் அவனைத் திட்டினார்.

அந்த மாட்டு வேடிக்கை முடிந்த அதே மைதானத்தில் மேடை போட்டிருந்தார்கள். ஒரு பெண் பாட வந்தாள். என் வயதுதான் இருக்கும். கொஞ்சம் பூசினாற்போல உடம்பு, காலில் பூட்ஸ், கையில் கிடார். பின்னால் ஒருவர் அக்கார்டியன் இழுத்துக்கொண்டிருந்தார். பாட்டு ஒன்றும் புரியவில்லை. ஆனால் ஒவ்வொரு சரணம் முடியும்போதும் ஒரே சொல்லைப் பிடித்து, தொண்டை உடைகிற மாதிரி மேலே ஏற்றினாள்.

"அத்தே..."

மாமியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கேட்டியா? அத்தேங்குது."

இன்னொரு முறை போடச் சொன்னார். சந்தேகமே இல்லை, அத்தேதான். நம்மூரில் பெண்கள் கூப்பிடுவது போலவே கடைசி எழுத்தில் அழுத்தம்.

"அங்கிட்டும் மாமியாள அத்தேன்னுதான் கூப்பிடுவாங்க போல. எம்புட்டுப் பாசமாக் கூப்பிடுது பாரு" என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். அவர் ஏன் பார்த்தார் என்று எனக்குத் தெரியும். வருடக்கணக்காக நான் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை.

மாமியார் என்று எழுதுகிறேனே தவிர, அவர் என் அப்பாவின் கூடப்பிறந்த அக்கா. எனக்குச் சொந்த அத்தை. அறந்தாங்கியில் நாங்கள் இருந்தபோது அவர் வீட்டுக்கு வருகிறார் என்றால் தெரு முனையிலேயே "அத்தே" என்று கத்திக்கொண்டு ஓடுவேன். பள்ளிக்கூட லீவு முழுவதும் இந்த வீட்டில்தான் கிடப்பேன். அவர் சீலை முந்தியைப் பிடித்துக்கொண்டு மாடு பார்க்கப் போயிருக்கிறேன். அத்தை மகன் எனக்குத்தான் என்பது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. முறைப்பெண் என்ற மிதப்பும் எனக்கு நிறையவே இருந்தது.

அதைவிடப் பெரிய மிதப்பு ஒன்றும் இருந்தது. நான் பாடுவேன். பிளஸ் டூ முடித்ததிலிருந்து அறந்தாங்கியில் ஒரு இசைக்குழுவில் பாடிக்கொண்டிருந்தேன். மூன்று ஆண் குரலுக்கு நான் ஒருத்திதான் பெண் குரல். தை, மாசி, பங்குனி என்று திருவிழா மாதங்களில் வேன் ஏறினால் இந்த ஜில்லாவில் கால் வைக்காத ஊர் கிடையாது. குன்றாண்டார்கோவில் பக்கம் ஒரு ஊரில் மழை பெய்தும் கூட்டம் கலையாமல் நாற்காலியைத் தலைக்கு மேல் கவிழ்த்துக்கொண்டு கேட்டது. 

நிச்சயதார்த்தத்தன்று வெற்றிலைத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு அத்தை சொன்னார்: "பாட்டு வேணாங்கல. வீட்டுக்குள்ள பாடிக்கட்டும். சத்தம் வாசல் தாண்டக் கூடாது."

அப்பா தலையாட்டினார். அத்தான் வாசலில் கிடந்த தன் செருப்பைப் பார்த்தார். நான் என் அத்தையைப் பார்த்தேன். வேறு யாரோ ஒரு மாமியார் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், இல்லை பொறுத்துப் போயிருப்பேன். முந்தியைப் பிடித்துக்கொண்டு நடந்த அத்தை சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை. அன்றோடு அந்தச் சொல்லை விட்டேன். பாட்டையும் விட்டேன். வாசல் தாண்டாத பாட்டு எனக்கு எதற்கு?

ஒரு மனுஷியை ஒரே வீட்டில் வைத்துக்கொண்டு பதினாறு வருடம் கூப்பிடாமல் இருக்க முடியுமா என்று கேட்பீர்கள். தமிழில் தாராளமாக முடியும். "இந்தாங்க", "இங்க பாருங்க", "சாப்பாடு ஆயிருச்சு" என்று சுவரைப் பார்த்துச் சொன்னால் போதும். மகள் பிறந்த பிறகு இன்னும் சுலபம். "பாப்பா, அப்பத்தாவச் சாப்பிட வரச் சொல்லு" என்றால் வேலை முடிந்தது. மரியாதைக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. மூட்டுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டேன், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். அந்த ஒரு சொல்லை மட்டும் கொடுக்கவில்லை. என் வீட்டுக்காரர் அபுதாபியில் இருப்பவர். போனில் மாதம் நான்கு தடவை "ரெண்டு பேரும் நல்லா இருக்கீங்கல்ல" என்பார். நல்லாத்தான் இருந்தோம்.

அந்த நாளிலிருந்து அத்தைக்கு மாடு இரண்டாம்பட்சம். "அந்தப் புள்ளயப் போடு" என்பார். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். "அத்தே" வருகிற இடத்தில் மெதுவாகத் தலையாட்டுவார், யாரோ கூப்பிட்டதற்குப் பதில் சொல்வது போல.

எனக்கு முதலில் எரிச்சல். பிறகு, மகள் பள்ளிக்கூடம் போனபின் நானே தனியாகப் போட்டுப் பார்க்க ஆரம்பித்தேன். அந்தப் பாடகியின் வீடியோக்களைக் கீழே கீழே தள்ளிக்கொண்டே போய் அவளுடைய முதல் வீடியோவைப் பிடித்தேன். சாப்பாட்டுக் கடை ஒன்றின் மூலையில், ஆட்கள் பாட்டுக்குத் தின்று பேசிக்கொண்டிருக்க, மெலிந்த பெண் ஒருத்தி பாடுகிறாள். ஒருவரும் திரும்பவில்லை. வருடத்தைப் பார்த்தேன். நான் மேடையை விட்டு இறங்கிய அதே வருடம்.

அதற்குப் பிறகு என்னால் நிறுத்த முடியவில்லை. எனக்கு மகள் பிறந்த வருடம் அவள் லாரியைத் திறந்து மேடையாக்கி மாட்டுச் சந்தையில் பாடினாள். நாங்கள் வீட்டுக்கு ஓடு மாற்றிக் கான்கிரீட் போட்ட வருடம் அவள் முதல் தடவையாக டிவியில் வந்தாள்.  அப்புறம் பெரிய மைதானங்கள். அவள் பாட்டை நிறுத்தி மைக்கை நீட்டினால் கூட்டமே மீதியைப் பாடியது. போனை வைத்துவிட்டுக் கிணற்றடியில் நின்று அழுதிருக்கிறேன். பொறாமை என்று சொல்லிவிடலாம், பொறாமைதான். ஆனால் அவள் கீழே விழ வேண்டும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. என் பங்கையும் சேர்த்து அவள் பாடிக்கொண்டிருக்கிறாள் என்று ஒரு கிறுக்கு எண்ணம்.

அந்தச் சொல்லுக்கு அர்த்தமும் அப்போதுதான் தெரிந்தது. பாட்டு வரிகளைப் போனில் கொடுத்தால் அது தமிழில் மாற்றித் தரும் என்று மகள் காட்டிக் கொடுத்தாள். 'அத்தே' என்றால் 'வரைக்கும்'. "நீ திரும்பி வரும் வரைக்கும் விளக்கை அணைக்க மாட்டேன்" என்று ஒரு வரி. கச்சேரி முடிந்து இறங்கும்போதும் அவள் அதையே சொல்லிக் கையசைப்பாள். அடுத்துப் பார்க்கும் வரைக்கும் என்று அர்த்தமாம், நாம் போய்ட்டு வாரேன் என்பது மாதிரி. மாமியாரும் இல்லை, மருமகளும் இல்லை. சிரிப்பு வந்தது. அத்தையிடம் சொல்லவில்லை. சந்தோஷமாகக் கேட்கிறார், கேட்டுவிட்டுப் போகட்டும் என்று விட்டேன்.

இரண்டு வருடத்துக்கு முன் அவள் தொண்டையில் கட்டி வந்தது. ஆபரேஷன். பாடக் கூடாது, சில வாரத்துக்குப் பேசவும் கூடாது. வீடியோவில் வாய் திறக்காமல் அட்டையில் எழுதிக் காட்டினாள். திரும்பப் பாட முடியுமா என்று டாக்டர்களுக்கே தெரியாது என்று எழுதியிருந்தாள். அந்த அட்டையைப் பிடித்திருந்த விதம்! குழந்தை சிலேட்டைக் காட்டுவது போல.

அத்தை ஆடிப் போனார். "பேசக்கூடக் கூடாதாமா?" என்று மூன்று தடவை கேட்டார். அன்னவாசல் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிறேன் என்று வேண்டிக்கொண்டார். தினமும் சாயந்தரம் நான் வேலை முடிந்து உட்கார்ந்ததும், "அந்தப் புள்ள பாடுச்சா?" என்பார். இல்லை என்பேன். மாதங்கள் போயின. ஒரு வருடமும் ஆயிற்று.

ஒரு சாயந்தரம் இல்லை என்று சொன்னதும் அவர் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். நான் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன்.

"ஒரு வருசம் பாடாததுக்கே அந்தப் புள்ள மொகம் இப்படி வாடிப் போச்சே" என்றார். கொஞ்சம் கழித்து, "ஒனக்குப் பதினாறு வருசமாச்சுல்ல."

எத்தனை வருடம் நான் எதிர்பார்த்திருந்த வார்த்தை! வந்துவிட்டது. அதைக் கேட்டு அழுதிருக்க வேண்டும், இல்லை அவர் கையைப் பிடித்திருக்க வேண்டும். எனக்கு வந்ததோ கோபம். கீரையை முறத்தோடு தள்ளிவிட்டு எழுந்தேன்.

"இப்பத்தான் கணக்குத் தெரியுதா ஒங்களுக்கு? கண்காணாத ஊருக்காரிக்குத் தேங்கா ஒடைக்கிறீங்க. அவ ஒண்ணும் ஒங்களக் கூப்பிடல. அந்த ஊரு பேச்சுல அத்தேன்னா வரைக்கும்னு அர்த்தம். எனக்கு ரொம்ப நாளாத் தெரியும்."

அத்தை முகத்தில் இருந்த களை கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவதைப் பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்குத் தெம்பாக இருந்திருக்கும். "அப்படியா" என்றார். "நாந்தான் என்னயக் கூப்பிடுதுன்னு நெனச்சுக்கிட்டேன்" என்று சொல்லி, கையை ஊன்றி எழுந்து, வாசலில் கிடக்கும் பிளாஸ்டிக் நாற்காலிக்குப் போய்விட்டார்.

எறிந்த கல் மாதிரி தப்பாமல் படுகிற நாக்கு எனக்கு. அப்பாகூடச் சொல்வார். பதினாறு வருடக் கோபத்தைத் தீர்த்துக்கொண்டேன், எனக்கு ஒரு சுகமும் கிடைக்கவில்லை. இந்த வீட்டில் அத்தே என்று கூப்பிட ஒரே ஒரு குரல்தான் இருந்தது. அதையும் நானே பிடுங்கிவிட்டேன்.

அதற்குப் பிறகு அவர் "அந்தப் புள்ளயப் போடு" என்று கேட்டதில்லை. மாடும் கேட்கவில்லை. சாப்பிட்டதும் வாசலுக்குப் போய்விடுவார்.

போன மாதம் அவள் திரும்பி வந்தாள். மைதானம் இல்லை, கூட்டம் இல்லை. ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து கிடாரோடு அதே பாட்டு. முன்பு மேலே ஏற்றுகிற இடத்தில் இப்போது ஏற்றவில்லை. குரல் கீழேயே நின்று, லேசாகக் கரகரத்து, அந்தச் சொல்லை மெதுவாக இறக்கி வைத்தது. முன்பைவிட நன்றாக இருந்தது. போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன்.

"அந்தப் புள்ள பாடிருச்சு. பாருங்க."

"நல்லா இருக்கட்டும்" என்றார். திரும்பவில்லை. "எனக்கென்னத்தா அதுல இருக்கு."

போனை அணைத்துவிட்டு உள்ளே வந்தேன். அரிசி களைய உட்கார்ந்தேன். கை தண்ணீருக்குள் இருக்க, வாய் தானாக அந்த மெட்டைப் பிடித்தது. பதினாறு வருடத் துரு. முதல் வரி காற்றாகத்தான் வந்தது. பாஷை தெரியாது, கேட்டுக் கேட்டுப் பதிந்த சத்தங்கள்தான். இரண்டாம் வரியில் குரல் கொஞ்சம் தட்டுப்பட்டது. அந்தச் சொல் வந்தது.

"அத்தே..."

பாட்டை அங்கேயே நிறுத்திவிட்டேன். வாசல் பக்கம் காது கொடுத்தேன்.  மறுபடி சொன்னேன். இந்தத் தடவை மெட்டு பாதிதான் இருந்தது.

"அத்தே."

நாற்காலி கிரீச்சென்றது. "பாடுறியாத்தா, கூப்பிடுறியா?"

கண்ணீரும் களைந்த தண்ணீரும் ஒன்றாகிவிட்டன. "ரெண்டுந்தான் அத்தே" என்றேன்.

 அத்தை தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார்:

"வாசல் வரைக்கும் சரியாக் கேக்கலத்தா. சத்தமாப் பாடு."