ஆட்டுக்கும் ஒரு தேத்தண்ணி

அப்பா எதைத் தொட்டாலும் ஈசான மூலையில் தொடங்கி வலமாகத்தான் போவார். வேலி அடைப்பதும் அப்படி, வெங்காயம் நடுவதும் அப்படி. தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கிற மெசினின் மூடிக்கு அடியில் இருக்கும் ஹெட் காஸ்கற் தகடு எரிந்துபோனபோது, புதியதை வைத்து, திருநீறு பூசி, மூடியின் நான்கு நட்டுகளையும் அதே ஒழுங்கில் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினார். மெசினுக்குச் சாத்திரம் தெரியவில்லை. இரண்டு நிமிடத்தில் பக்கத்தால் புகை சீறி, நின்றுவிட்டது.

மறுநாள் சுன்னாகத்தில் இன்னொரு காஸ்கற் வாங்கிவந்தார். கடையில் இருந்தது அந்த ஒன்றுதான். வெங்காயம் தண்ணீர் கண்டு ஐந்து நாளாகி, தாள் நுனிகள் மஞ்சளாகியிருந்தன. இதுவும் எரிந்தால் இந்தப் போகம் போச்சு என்று அம்மா புலம்பினார். வேலிக்கு அங்கால் பெரியப்பாவின் தோட்டம். அவரிடம் நல்ல மெசினும் இருந்தது. ஆனால் அந்த வேலி ஒரு முழம் தள்ளி அடைக்கப்பட்ட நாளிலிருந்து, நாலு வருடமாக அண்ணனுக்கும் தம்பிக்கும் கதைபேச்சு இல்லை. கேட்கிறதைவிட வெங்காயம் வாடட்டும் என்ற கட்சி அப்பா.

மறுபடியும் ஈசான மூலை நட்டிலேயே ஸ்பானரை வைத்து இறுக்கினார். அந்த நேரம் பார்த்துப் பெரியப்பா, வேலிக்கு அங்கால் நின்று, தன் ஆட்டுக்குட்டியோடு உரக்கக் கதைக்கத் தொடங்கினார்.

"எடியே, ஒண்டை முழுக்க இறுக்கிப்போட்டு மற்றதுக்குப் போனால் ஒரு பக்கம் தூக்குமடி. முதல் நாலையும் கையாலை பூட்டு. பிறகு ஒரு மூலை, அதுக்கு எதிர் மூலை. கொஞ்சம் கொஞ்சமா மூண்டு தரம். விளங்குதே?"

ஆடு குழையைக் கடித்தது. "பெரியப்பாவுக்கு விசர், ஆட்டோடை கதைக்கிறார்" என்றேன். அம்மா என் வாயைப் பொத்தினார்.

 அப்பா இறுக்கியதை இளக்கி, கையால் பூட்டி, மூலைக்கு எதிர்மூலையாக இறுக்கினார். மூன்றாந்தரம் ஸ்பானரில் தொங்கப் பார்த்தார்.

"உன்னாதையடி, போல்ட் அறுந்திடும்" என்று அங்கே ஆட்டுக்குப் பேச்சு விழுந்தது.

கயிற்றை ஒருதரம் இழுத்ததுமே மெசின் பிடித்தது. வாய்க்காலில் தண்ணீர் ஓடியதும் அம்மா அழுதேவிட்டார். எனக்கும் அப்பாடா என்றிருந்தது. அப்பா குழாயடியில் குனிந்து, வெகுநேரம் முகம் கழுவினார்.

தேத்தண்ணி வந்தது.

"உந்த ஆட்டுக்கும் ஒண்டு குடு" என்றார் அப்பா.

சொன்னபடியே வேலிப் பொட்டுக்குள்ளால் புகுந்து, கோப்பையை ஆட்டின் வாயருகே பிடித்தேன். பெரியப்பா அதைப் பறித்து ஒரே மூச்சில் குடித்துவிட்டு, சீனி காணாது என்றார்.

ஓடிவந்து முறையிட்டேன். "ஆட்டின்ரை தேத்தண்ணியைப் பெரியப்பா குடிச்சிட்டார்."

"ஓம், உந்த ஆடு சின்னனிலையும் அப்பிடித்தான். என்ரையையும் பறிச்சுக் குடிச்சிடும்." அப்பா சிரித்தார்.

எனக்கு அப்போது ஏழு வயது, கணக்கில் கெட்டிக்காரி. அந்த ஆடு பிறந்து ஆறு மாதம். அப்பா வேலிக்கு அங்கால் போய் நாலு வருடம். எவ்வளவு கூட்டிக் கழித்தும் சரிவரவில்லை.