ஆணியில் தொங்கிய தவம் தம்பியின் புத்தகம்

தவம் தம்பி போய்விட்டார்.

இன்று காலை ஆறரைக்கு அவருக்குப் போனில் கோல் எடுத்தேன். மூன்றாம் தரம்தான் எடுபட்டது... எடுத்தது அவருடைய மனைவி.

"அக்கா, அவர் நேற்றுப் பின்னேரம் மோசம் போயிட்டார். நெஞ்சு நோகுதெண்டு சொன்னவர், அவ்வளவுதான்."

முப்பத்தாறு வயது. எனக்குப் பின்னால் மோட்டர் ஊளையிட்டுக்கொண்டிருந்தது, வெளியே சனம் தண்ணீர்க் கானோடு நின்றது.

தெரியாதவர்களுக்கு... ஓமந்தைக்கு உள்ளே எங்கள் ஊரில் குடிதண்ணீர் சுத்தம் செய்யும் ஆர்.ஓ. பிளான்டை நான்தான் பார்க்கிறேன். அதை வவுனியாவில் இருந்து வந்து பூட்டித் தந்த டெக்னீசியன் தவம்.

முதல் நாளே ஒரு தடித்த இங்கிலீஷ் மனுவலை என் கையில் தந்தார். "இதை வாசிச்சிட்டு, விளங்காட்டிக் கேளுங்கோ அக்கா."

எனக்குக் கோபம் வந்தது. "பிள்ளை பசியிலை அழேக்கை புத்தகம் வாசிச்சுப்போட்டே சோறு குடுக்கிறது? கேக்க ஆள் இருக்கேக்கை ஏன் தம்பி புத்தகம்?"

அடுத்த தரம் தமிழில் எழுதிக்கொண்டு வந்து, சுவரில் ஓர் ஆணி அடித்துத் தொங்கவிட்டார். நான் அதையும் திறக்கவில்லை.

கோல் எடுத்தால் முதலில், "புத்தகம் பாத்தனீங்களோ?" என்பார். நான் "ஓம்" என்பேன். "எத்தினையாம் பக்கம்?" என்பார்... அத்தோடு என் கள்ளம் பிடிபட்டுவிடும்.

போன வருடம் ஒருநாள் அவருக்குக் கவரேஜ் இல்லை. நானே மூளையைப் பாவித்து ஒரு வால்வைத் திருப்பி, உள்ளே இருந்த பில்டரைப் பழுதாக்கினேன்.

ஐந்து நாள் ஊர் முழுக்கக் கிணற்றுத் தண்ணீர். டயலிசிஸுக்குப் போகும் ஒருவரின் மனைவி ஒவ்வொரு நாளும் வெறுங்கானோடு வந்து நின்றுவிட்டுப் போவார். வெட்கத்தில் செத்துப்போனேன்.

தவம் ஏசவில்லை. "நீங்கள் வாசிக்கிற மாதிரி நான் எழுதேல்லை அக்கா. பிழை என்ரை" என்று புத்தகத்தைக் கழற்றிக்கொண்டு போனார்.

ஒரு மாதம் கழித்துப் புதுப் புத்தகம் அதே ஆணியில் தொங்கியது. அதற்குப் பிறகு எத்தினையாம் பக்கம் என்று அவர் கேட்பதையே விட்டுவிட்டார், நானும் நிம்மதியாகக் கோல் எடுத்தேன்.

இன்று காலை போனை வைத்துவிட்டு, அதை முதல் முறையாகத் திறந்தேன்.

"கேள்வி: தம்பி, கரண்ட் வந்திட்டுது, மெசின் முழிச்சுக்கொண்டு நிக்குது. ஐயோ, சனம் வந்திட்டுது."

அது நான்... நான் எப்போதோ போனில் சொன்னது, சொல்லுக்குச் சொல், அவருடைய கையெழுத்தில்.

பக்கம் பக்கமாக நான். என் ஐயோக்களில் ஒன்றைக்கூட அவர் விடவில்லை. வாசிக்க வாசிக்க அந்த அறைக்குள் வேறு யாரோ என் குரலில் கதைப்பது போலிருந்தது, என் வாயைப் பொத்திப் பார்த்தேன்.

முப்பத்தோராம் பக்கம்.

"கேள்வி: தம்பி, மோட்டர் நாய் மாதிரி ஊளையிடுது."

அந்த வரியைத் திரும்பவும் வாசித்தேன். மோட்டர் இன்றுதான் முதன்முதலாக ஊளையிட்டது. அதை நான் இன்னும் ஒருவரிடமும் சொல்லவில்லை.

எழுதியிருந்தபடி செய்தேன். மோட்டரை நிறுத்தி, மேலே இருந்த மூடியைத் தளர்த்திக் காற்றை வெளியே விட்டு, தண்ணீர் ஊற்றி, திரும்ப இறுக்கினேன்.

ஊளை நின்றது. முதல் கான் அந்த டயலிசிஸ் வீட்டுக்குப் போனது.

சனம் போன பிறகு கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன்.

"கேள்வி: தம்பி, ரிங் போகுது, ஏன் எடுக்கிறியள் இல்லை?

பதில்: நிண்டுகொண்டு வாசியாதேங்கோ அக்கா. கதிரையை இழுத்துப்போட்டு இருங்கோ. முதல் பக்கத்திலையிருந்து வாசியுங்கோ."

நான் நின்றுகொண்டுதான் இருந்தேன்.

போனை எடுக்க முடியாத நாளுக்காக எழுதியிருப்பார் என்று என் மகள் சொல்கிறாள். இருக்கும்...

நாளைக்கு வவுனியாவுக்கு வருவேன் தம்பி, உங்கள் முகத்தைக் கடைசியாகப் பார்க்க.

இப்போது கதிரையில் இருக்கிறேன். புத்தகம் மடியில் கிடக்கிறது.

முதல் பக்கத்திலையிருந்து வாசிக்கிறன் தம்பி. போயிட்டு வாங்கோ.