மாறிப்போன மார்ச் மாத மார்க்கு

மார்க்குக்காரி என்ற பெயரை நான் முதலில் கேட்டது என் நாத்தனார் மகள் கல்யாணத்தில். "தட்டுல மிச்சம் வைக்காதீங்க, மார்க்குக்காரி வர்றா, அதுக்கும் மார்க்கு போட்டுடுவா" என்று யாரோ சொல்ல, பந்தியே சிரித்தது. வந்தவள் நாத்தனாரின் மூத்த மருமகள்.

ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர்களுக்குக் காவல் இருப்பது அவள் உத்தியோகம். அந்தக் காவல் எப்படி என்று பார்க்க வெளியே வேறொரு கம்பெனி உண்டு. திருடன் தெருவில் நின்று நோட்டம் விடுவதுபோல, எந்தக் கதவு பூட்டியிருக்கிறது, எது ஒருக்களித்திருக்கிறது என்று பார்த்து மாதாமாதம் மார்க்கு போடும். அதை அச்செடுத்து மேனேஜரிடம் கொடுப்பவள் இவள்.

ஒரு திங்கட்கிழமை மேனேஜர் இரண்டு தாள்களை மேசையில் போட்டார்.

"போன மார்ச்சுக்கு எண்பத்தாறுன்னு நீங்கதானே குடுத்தீங்க? நம்ம பெரிய வாடிக்கையாளர் அந்த மார்க்குக் கம்பெனி வெப்சைட்ல அதே மார்ச்சை இன்னைக்குப் பாத்தா அறுபத்தொண்ணுன்னு இருக்காம். முடிஞ்சுபோன மாசம் எப்படிம்மா மாறும்?"

"அன்னைக்கு எண்பத்தாறுதான் சார் இருந்துச்சு."

"வெள்ளிக்கிழமைக்குள்ள காரணம் வேணும். இல்லேன்னா தாள்ல கை வெச்சது நீங்கதான்னு நினைக்க வேண்டியிருக்கும்."

காவல்காரியே திருடி என்று பெயர் வந்தால் அப்புறம் எந்தக் கம்பெனி வாசல்படி ஏற்றும்?

அவள் கண் பக்கத்து நாற்காலி மீசைக்காரர் மேல் விழுந்தது. அவள் மார்க்கு பார்க்கிற கணக்கின் பாஸ்வேர்டு அவருக்கும் தெரியும். இவள் வந்தாலே திரையை மூடுகிறார். பாம்பென்று தாண்டவும் முடியவில்லை, பழுதென்று மிதிக்கவும் முடியவில்லை. வீட்டில் சாவி இடம் மாறியிருந்தால்கூட "யார் எடுத்தது?" என்று புருஷனைக் குடைந்தாள்.

"தாயே, இங்கேயும் விசாரணைக் கமிஷனா?" என்றார் அவர்.

புதன்கிழமை கேட்டே விட்டாள். "என் கணக்குக்குள்ள போய் எதையாவது மாத்தினீங்களா?"

மீசைக்காரர் முகம் சுண்டிப்போனது. "ஏங்க்கா, ஊரெல்லாம் தேடிட்டுக் கடைசியில பக்கத்து நாற்காலியிலயே திருடனைப் பிடிச்சிட்டீங்களா? கல்யாணத்துக்கு எனக்குப் பொண்ணு தேடறதை ஆபீஸ்ல யாரும் பாக்கக் கூடாதுன்னு மூடினேன். போதுமா?"

அவள் நம்பவில்லை.

வியாழக்கிழமை பழைய தாளையும் புதியதையும் அருகருகே வைத்தாள். மார்க்குக்குக் கீழே, பார்த்த இன்டர்நெட் முகவரிகள் எத்தனை என்று சின்ன எழுத்தில் ஒரு வரி. பழையதில் நாற்பத்தொன்று. புதியதில் ஐம்பத்தெட்டு. கூடுதல் பதினேழும், ஜூன் மாதம் இவர்கள் வாங்கிய சின்னக் கம்பெனியுடையவை. மார்ச்சில் அது அந்நியர் வீடு; கதவெல்லாம் ஆவென்று திறந்து கிடந்திருக்கிறது. சம்பந்தம் பண்ணிய பிறகு, சம்பந்தி வீட்டுப் பழைய வம்பும் நம் தலையில் விடிந்த கதை.

மார்க்கு போடுகிற கம்பெனிக்குப் போன் போட்டாள்.

"இந்த முகவரியெல்லாம் எங்களுதுன்னு உங்க ஆபீஸ்லேருந்துதான் படிவம் வந்துச்சுங்க" என்றாள் போனை எடுத்த பெண். "எந்தத் தேதியிலேருந்துங்கற கட்டம் காலி. காலியா விட்டா ஆரம்பத்துலேருந்தே உங்களுதுன்னு எடுத்துக்குவோம்."

"படிவத்துல யார் பேரு?"

அவள் பெயர்தான். ஜூன் மாத அவசரத்தில் அவளே நிரப்பி அனுப்பியது.

மறுநாள் மேனேஜரிடம் மறைக்காமல் சொன்னாள். மீசைக்காரரிடம் மன்னிப்பும் கேட்டாள். "சரிக்கா" என்றார் அவர், தலை நிமிராமல். தேதி சேர்த்ததும் மார்ச் மறுபடி எண்பத்தாறானது. வாடிக்கையாளர் ஏற்றுக்கொண்டார். மேனேஜர் மட்டும், "இப்படி முன்னாலயும் பின்னாலயும் ஓடற மார்க்கை எதை நம்பி வாங்கறது?" என்றார்.

இப்போதும் அவள் அதே கம்பெனியில், அதே வேலையில்தான் இருக்கிறாள். அவள் கொடுக்கும் தாளை மேனேஜர் தானே ஒருமுறை சரிபார்க்கிறார். மீசைக்காரர் வேறு அறைக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார்.