ஹனுக்காவுக்கு எட்டு நாள் இருக்கிறதே என்றிருந்தேன்

மிரியம் போய்விட்டார்.

நேற்றே அடக்கமும் முடிந்துவிட்டதாம். அவர் யூதர், அவர்களில் உடலை வைத்துக் காத்திருப்பதில்லை... எனக்குத் தெரிய வந்தது இன்று மத்தியானம், கிளினிக்கில் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்த நேரம்.

மில்லிக்கனில் நான் வேலை செய்யும் பல் கிளினிக்கில், ஐந்து வருடம் எனக்குப் பக்கத்துக் கதிரை. போன வசந்தத்தில்தான் ஓய்வு பெற்றார்.

டிகிரி முடித்து வேலைக்கு வந்த புதிதில் போன் அடித்தாலே எனக்குக் கை குளிரும். எங்கள் வீட்டில் யூனிவர்சிட்டி போன முதல் ஆள்... ஹலோ சொல்ல வராது. மிரியம் ஒன்றும் கேட்காமல் மூன்று மாதம் என் போனையும் சேர்த்து எடுத்தார். அவருடைய ஃபைல்களை நான் அடுக்கினேன். இதைப் பற்றி நாங்கள் பேசியதேயில்லை.

போன வருட ஹனுக்காவுக்கு, அவர்களின் எட்டு நாள் விளக்குத் திருநாளுக்கு, வீட்டுக்குக் கூப்பிட்டார். கணவர் இறந்த பிறகு வந்த முதல் ஹனுக்கா. மகள் வான்கூவரில். ஜன்னலோரம் மூன்று மெழுகுதிரி ஏற்றிவிட்டு, உருளைக்கிழங்கு துருவிப் பொரிக்கக் குசினிக்குப் போனார்.

திரிகள் அடிவரை வந்துவிட்டன. எங்கள் வீட்டில் விளக்கைத் தானாக அணைந்து நூர விடுவதில்லை, கூடாது. மேசையில் இருந்த பூ ஒன்றை எடுத்து, பக்குவமாக மூன்றையும் நூர்த்துவிட்டேன். உதவி செய்ததாக நினைப்பு...

மிரியம் தட்டோடு வந்து நின்றார். அவர்களில் அந்தத் திரிகள் தாமாகவே எரிந்து முடிய வேண்டுமாம்.

நான் காரணத்தைச் சொன்னதும் தட்டை மேசையில் வைத்தார். கணவர் இருந்திருந்தால் இந்தக் கதையை ஊர் முழுக்கச் சொல்லியிருப்பார் என்று சிரித்தார். புதிதாக மூன்று ஏற்றினார். அவை முடியும்வரை இரண்டு பேரும் அங்கேயே இருந்தோம்.

அம்மாவிடம் சொன்னேன். "ஆற்றையோ வீட்டு விளக்கை நீ ஏன்டி நூத்தனி? விசரி."

ஆனாலும் மிரியம் பலகாரம் தந்துவிட்ட பெட்டியை வெறுமையாகத் திருப்பக் கூடாதென்று, அம்மா வடை நிரப்பி அனுப்பினார். வீட்டுக்குப் போகும் வழியிலேயே, காரில் இருந்தபடி முடித்துவிட்டதாக மிரியம் மறுநாள் சொன்னார்.

இந்த வருடமும் கூப்பிட்டார். முதல் நாள் வேலை முடிய நேரமாகிவிட்டது. இரண்டாம் நாள் பனி. மூன்றாம் நாள்... ஒன்றுமில்லை, களைப்பு. ஒவ்வொரு நாளும் "நாளைக்கு வருகிறேன்" என்று மெசேஜ் போட்டேன். ஒவ்வொரு நாளும் ஒரு சிரிப்பு முகம் அனுப்பினார்.

ஐந்தாம் நாள் பதில் வரவில்லை. நித்திரையாக்கும் என்று விட்டுவிட்டேன்.

துக்கம் விசாரிக்க வருபவர்களுக்காக ஒரு கிழமைக்கு மிரியத்தின் வீட்டுக் கதவு திறந்திருக்குமாம். பெல் அடிக்கத் தேவையில்லை. நாமாகப் பேச்சைத் தொடங்கவும் வேண்டாமாம், போய்ப் பக்கத்தில் இருந்தால் போதுமாம்.

மனேஜரிடம் தலையிடி என்று பொய் சொல்லவில்லை. போகிறேன் என்று மட்டும் சொன்னேன். இதை ஸ்டீல்ஸ் வீதி பஸ்ஸில் இருந்து எழுதுகிறேன்... இன்றைக்கும் அதே களைப்புத்தான்.

வாறன், மிரியம்.