டவர் பாயும் தண்ணீர்த் தொட்டி ஏணியும்

"இன்னும் ஒரு திருகு. அவசரப்படாத, நான்தான் புடிச்சிருக்கேன்ல" என்று கீழே நின்று தைரியம் சொல்கிறார் ஹாஜா மைதீன். ஸ்டூலில் ஏறி பல்பு மாட்டுகிறவர் அவர் மனைவி லத்தீஃபா. ஸ்டூல் முழங்கால் உயரம்கூட இல்லை. ஹாஜா மைதீன் அதன் கால்களைப் பற்றியிருக்கும் பிடியைப் பார்த்தால், அந்த அம்மாள் மலையுச்சியில் நிற்பதாகத்தான் நினைக்கத் தோன்றும்.

குடவாசல் பக்கத்தில் இவருக்கு 'டவர் பாய்' என்று பெயர். கோலாலம்பூரில் ஊருக்கு மேலே தலை நீட்டிக்கொண்டு நிற்கிறதே தொலைத்தொடர்புக் கோபுரம், அதில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். யார் எதன் உயரத்தைச் சொன்னாலும் உதட்டைப் பிதுக்குவார். திருவாரூர்த் தேரைச் சொன்னால், "எங்க டவர்ல அது லிஃப்ட் கதவுக்கு வரும்" என்பார். அக்கரைச் சீமையிலிருந்து திரும்பியவர்களெல்லாம் மாடி எடுத்துக் கட்டியபோது இவர் மட்டும் தரைவீட்டோடு நிறுத்திக்கொண்டார். ஏன் என்று கேட்டவர்களிடம், "அம்மாம் ஒசரத்துல இருந்தவனுக்கு மாடி என்னங்க மாடி" என்றார்.

உண்மை லத்தீஃபாவுக்கு மட்டும் தெரியும். வேலைக்குச் சேர்ந்த அன்று லிஃப்டில் மேலே போனவர், கண்ணை மூடியது மூடியதுதான், தரைக்கு வந்துதான் திறந்தார். அதன் பிறகு உத்தியோகமெல்லாம் அடிவாரத்தில். ஏறப்போகும் தமிழ்க்காரர்களிடம், வலப்பக்கம் என்ன தெரியும், இடப்பக்கம் என்ன தெரியும் என்று ஒப்பித்து அனுப்பிவைப்பார். அந்தக் குரலை அவர் அங்கேயே விட்டுவிட்டு வரவில்லை. அரசு கொடுத்த இலவச டிவியில் அந்த நகரத்தைக் காட்டினால் போதும், தெருவையே உட்காரவைத்து விளக்கம் சொல்வார்.

தவளை தன் வாயால் கெடும் என்பது சும்மாவா? வைரக்கண்ணுவின் குத்தகை வயலும், ஆளுங்கட்சிக் கிளைச் செயலாளர் சிங்காரவேலுவின் வயலும் அடுத்தடுத்து இருக்கின்றன. நடுவில் ஒரு வரப்பு. நடவுக்கு முன் வரப்பு வெட்டும்போது, தன் பக்கம் ஒரு கொத்து கூடச் செதுக்கி அந்த மண்ணை எதிர்ப்பக்கம் அப்பிவிட்டால், வரப்பு சத்தமில்லாமல் நகர்ந்துவிடும். இந்தப் பக்கத்தில் பாதிப் பகை அப்படி வந்ததுதான். செதுக்கியது சிங்காரவேலு என்றார் வைரக்கண்ணு. அவரோ கரைவேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, இல்லவே இல்லை என்றார். சர்வேயர் வந்தபாடில்லை. மேலேயிருந்து பார்த்தால் கோணல் தெரிந்துவிடுமே என்று யாரோ சொல்ல, உயரத்தில் நின்று பார்த்துப் பழகியவரும் இரண்டு பேருக்கும் பொதுவானவருமான டவர் பாய் இருக்கக் கவலை என்ன என்று ஊரே முடிவு கட்டிவிட்டது.

அவரை ஏறிப் பார்க்கச் சொன்ன வயலோர மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி ஒரு ஆட்சியில் கட்டியது. அதற்கு ஏணி அடுத்த ஆட்சியில்தான் வந்தது. அந்த ஏணி வராமலே போயிருக்கலாம் என்று ஹாஜா மைதீன் அன்று மனதார நினைத்தார். இரண்டாவது படியில் கால் வைத்தவர் அப்புறம் அசையவில்லை. பாவம், முகம் வெளுத்துவிட்டது. கீழே ஊரே அண்ணாந்து நின்றது. இன்னும் ஒரு நிமிடம் போனால் டவரும் போய்விடும், பாய் மட்டும்தான் மிஞ்சுவார்.

லத்தீஃபா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தார். "பாக்குறது யார் வேணாலும் பாக்கலாம். பாத்ததுக்கு அர்த்தம் சொல்லத்தான் ஆள் வேணும். நான் பாத்துச் சொல்றேன், அவங்க அர்த்தம் சொல்லட்டும்" என்றார். ஊருக்கு அது நியாயமாகவே பட்டது. புருஷன் இறங்கி வழிவிட்டார்.

அந்த அம்மாள் விறுவிறுவென்று ஏறினார். வாய்க்காலிலிருந்து வரப்பு நேராகத்தான் வருகிறது, நடுவில் வைரக்கண்ணு பக்கம் வயிறு தள்ளுகிறது, அப்புறம் மறுபடி நேராகிவிடுகிறது என்று மேலேயிருந்து சத்தமாகச் சொன்னார்.

ஹாஜா மைதீன் தொண்டையைச் செருமிக்கொண்டார். கோலாலம்பூர்க் குரல் தானாக வந்தது. "வலது பக்கம் நாம பாக்குறது சிங்காரவேலு அண்ணன் வயலு. இடது பக்கம் வைரக்கண்ணு வயலு. நடுவுல தெரியிறது, அண்ணனோட மண்வெட்டி."

சிங்காரவேலுவின் சொந்தக் கட்சிக்காரர்களே சிரித்துவிட்டார்கள். அறுப்பு முடிந்ததும் வரப்பைப் பழையபடி போட்டுவிடுவதாக அவர் முனகிவிட்டு நடையைக் கட்டினார்.

வைரக்கண்ணு கண் கலங்கிக் கையெடுத்துக் கும்பிட்டார். பதிலுக்குக் கை தூக்க டவர் பாய்க்குக் கை ஒழியவில்லை. தூணில் சிமென்ட் வைத்துப் பதித்த ஏணிதான் அது. ஆனாலும் லத்தீஃபா கடைசிப் படியில் கால் வைக்கும்வரை, கண்களை இறுக மூடியபடி, அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.