பாப்லு விமானத்தில் ஒரு வெறும் தட்டு

பஞ்சு கிள்ளும்போது சானுமையா அக்கா யாரோடும் பேசமாட்டார். காலை ஆறரை மணி, காட்மாண்டு உள்நாட்டு விமான நிலையத்தின் பின்கதவருகே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, மடியில் பஞ்சுச் சுருள். கிள்ளுவார், உருட்டுவார், பித்தளைத் தட்டின் ஓரமாக வரிசைப்படுத்துவார். பத்தொன்பது பயணிகள், முப்பத்தெட்டு காதுகள். நடுவில் ஆரஞ்சு மிட்டாய்களைக் குவிப்பார். அதன் பிறகு எழுந்து, சேலை மடிப்பை நீவிக்கொண்டு, விமானத்தின் வாசலைத் தொட்டு நெற்றியில் ஒற்றி உள்ளே போவார். இருபத்திரண்டு வருஷமாக இதே கிரமம்தான்.

பாப்லு என்கிற மலையூருக்குப் போகிற குட்டி விமானத்தில் பணிப்பெண் என்று இருப்பது சானுமையா துலாதர் ஒருவர்தான். வயது நாற்பத்தாறு. கடுகெண்ணெய் தடவிய கொண்டை ஒரு மயிர் கலையாது. ஆளைப் பார்த்தே எடை சொல்லிவிடுவார். "பாஜே அம்பத்தெட்டு, முதுகுக் கூடையோட எழுபத்தொண்ணு" என்று கிழவர் ஒருவரைப் பார்த்துச் சொல்வார்; பாஜே என்றால் தாத்தா. அடுத்த பார்வை விமானியின் மேல் விழும். "காப்டன் சாப், தசைன் பண்டிகைல தின்ன ஆட்டுக்கறி மூணு கிலோ அப்படியே நிக்குது." எங்கள் தராசு பழுதாகி ஆறு மாதம் ஆகிறது. அக்கா இருக்கிறாரே என்று அதைச் சரிசெய்யாமலே விட்டுவிட்டோம்.

விமானம் மேலே கிளம்பியதும் தட்டை இரண்டு கையாலும் ஏந்தி, லேசாகக் குனிந்து ஒவ்வொருவரிடமும் நீட்டுவார். "பிளேன் மேல ஏறுது, காது அடைக்கும். மெல்லுங்க, மெல்லுங்க." வேண்டாம் என்று கூச்சப்படுகிறவர்களுக்கும் வழி வைத்திருந்தார். "உங்களுக்கு வேணாம்னா வீட்டுல குழந்தைக்கு எடுத்துக்குங்க. கம்பெனி மிட்டாய்தானே!"

அந்தக் கம்பெனியில்தான் நான் குமாஸ்தா. எங்களிடம் மூன்று விமானங்கள் உண்டு என்று பலகையில் எழுதியிருக்கும். மூன்றாவது, உதிரி பாகங்களாக மற்ற இரண்டிலும் பறந்துகொண்டிருந்தது. பணக்கஷ்டம் முற்றியபோது மேலாளர் ராஜ்பண்டாரி சார் என்னைக் கூப்பிட்டார். "ஹர்க பகதூர், நீ புத்திசாலி. எங்கெங்க குறைக்கலாம்னு யோசி" என்றார். புத்திசாலி என்று யாரும் அதுவரை என்னைச் சொன்னதில்லை. விழுந்து விழுந்து யோசித்தேன்.

ஒரு செய்தித்தாளை இரண்டாகப் பிரித்து முன்வரிசைக்குப் பாதி, பின்வரிசைக்குப் பாதி என்றேன். தசைன் நவமியன்று விமானத்துக்குப் பலியிடுகிற ஆட்டை நிறுத்திவிட்டுச் சாம்பல்பூசணி வெட்டச் சொன்னேன். மெக்கானிக்குகள் ஒரு வாரம் என் முகத்தில் விழிக்கவில்லை. அச்சு மை செலவு என்று சுற்றறிக்கைகளைக் கையாலேயே எழுதினேன். அவற்றில் ஒன்று, "இனி மிட்டாய் கிடையாது." அடுத்தது, "ஒரு பயணிக்கு ஒரு பஞ்சு." மூன்றாவது, "பஞ்சும் கிடையாது."

அந்த மூன்றாவதை வாசித்துவிட்டு அக்கா என்னிடம்தான் கேட்டார். "யாரு தம்பி உக்காந்து இதையெல்லாம் யோசிக்கிறது? பெத்த தாய் இருக்காளா அவனுக்கு?"

"மேலிடம், அக்கா" என்று சொன்னேன். அவர் கண்ணைப் பார்க்க முடியாமல் விமானத்தின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் சிக்கனம் எப்படி நடக்கிறது என்று பார்த்துவர நானும் அதே விமானத்தில் கடைசி இருக்கையில் போனேன். கிளம்பியதும் அக்கா எழுந்தார். பழக்கம் விடுமா? தட்டையும் ஏந்தினார். முதல் வரிசையில் குனிந்த பிறகுதான் தட்டு வெறுமையாக இருப்பது அவருக்கே உறைத்தது. திரும்பிப் போக முடியாது, எல்லாக் கண்ணும் அவர் மேல் இருந்தது. தசைன் முடிந்து ஊர் திரும்புகிற கிழவர் ஒருவர், நெற்றி நிறைய அட்சதைத் திலகத்தோடு, தட்டை ஒரு கணம் பார்த்தார். பையைத் துழாவி ஒரு பத்து ரூபாய் நோட்டை எடுத்துக் கண்ணில் ஒற்றி, பயபக்தியோடு தட்டில் போட்டார்.

"ஐயோ பாஜே, வேணாம், எடுங்க!"

"சாமிக்குப் போட்டத எடுக்கக் கூடாதும்மா."

பின்னால் இருந்த பெண் ஐந்து ரூபாயும் தலையிலிருந்த சாமந்திப் பூவும் வைத்தாள். "எந்தக் கோயிலுக்காம்?" என்று ஒருவர் கிசுகிசுத்தார். "எஞ்சினுக்கா இருக்கும், பேசாம போடு" என்றார் பக்கத்தில் இருந்தவர். அதற்குப் பிறகு போடாதவர் யாரும் இல்லை. கடைசி வரிசைக்கு வரும்போது அக்காவின் முகம் காது வரைக்கும் சிவந்திருந்தது. பாப்லுவில் இறங்கியதும் ஓடுபாதை ஓரத்து மடத்து உண்டியலில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு வந்தார். திரும்பும் வழியெல்லாம் சன்னல் பக்கமே முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருந்தார்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். மதியச் சாப்பாட்டின்போது ராஜ்பண்டாரி சாரிடம் இதைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. பருப்புச் சோற்றில் கை நின்றது.

"போடுறாங்களா? கேக்காமலேயா?"

"ஆமா சார்."

"அப்ப தட்டு தினமும் போகட்டும். நல்லா பளபளன்னு தேய்ச்சு. எழுதிடு."

இதை எழுதும்போதாவது என் கை கூசியிருக்க வேண்டும். உண்மையில் கூசத்தான் செய்தது. ஆனாலும் எழுதி முடித்தேன், வழக்கம்போல எழுத்தெல்லாம் குண்டு குண்டாக. கீழே ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: "மறுப்பவர்கள் வேலையை விடலாம்." இந்த வயதில் அக்காவை எந்த விமானத்தில் வேலைக்கு எடுப்பார்கள்? தெரிந்தும் சேர்த்தேன்.

மறுநாள் காலை பின்கதவருகே காகிதத்தை நீட்டினேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், மடியில் பஞ்சு இல்லை. நிதானமாக வாசித்தார். மடித்தார். பிறகு கைப்பையைத் திறந்து பழைய மூன்று காகிதங்களையும் எடுத்து, இதையும் சேர்த்து நான்காக மடியில் பரப்பினார். நான்கிலும் ஒரே குண்டு எழுத்து; அவர் பார்வை என் விரல்நுனி மைக்கறைக்கு வந்தது.

"மேலிடத்துக்கு நல்ல கையெழுத்து தம்பி."

தரை பிளந்து என்னை விழுங்கினால் நன்றாக இருக்கும் போலிருந்தது. அவர் எழுந்து, மடிப்பை நீவி, வாசலைத் தொட்டு ஒற்றிக்கொண்டு உள்ளே போனார். சார் உத்தரவுப்படி வசூலைப் பார்த்துவர நானும் ஏறிக் கடைசி இருக்கையில் உட்கார்ந்தேன்.

விமானம் மேலே ஏறியது. அக்கா எழுந்தார். தட்டு அவர் இருக்கைக்கு அடியிலேயே கிடந்தது. ஆனால் கைகள் இரண்டும் தாமாக உயர்ந்து, நடுவில் ஒரு தட்டு அகலம் விட்டு நின்றன. அவற்றைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஒன்றோடொன்று சேர்த்துக் கும்பிட்டார். "காது அடைக்கும், எச்சில முழுங்கிக்குங்க. எங்களால முடிஞ்சது இவ்வளவுதான், மன்னிச்சுக்குங்க." ஒவ்வொரு இருக்கையிலும் நின்று இதையே சொல்லிக் கும்பிட்டு வந்தார். செய்யாத குற்றத்துக்கு அவர் பதினெட்டு பேரிடம் மன்னிப்புக் கேட்டதை எண்ணிக்கொண்டே இருந்தேன்.

பத்தொன்பதாவது ஆள் நான். அவர் கும்பிடவில்லை. ரவிக்கைக்குள்ளிருந்து சின்னப் பணப்பையை எடுத்தார். அதற்குள் கடையில் வாங்கிய ஓர் ஆரஞ்சு மிட்டாய் இருந்தது. தாளைப் பிரித்து, இரண்டு கையாலும் ஏந்தி, லேசாகக் குனிந்து என் முன்னால் நீட்டினார்.

"உங்களுக்குத்தான் காது ரொம்ப வலிக்குமே. மெல்லுங்க தம்பி."